காய்ச்சல் விட்ட பிறகு கொட்டிய முடி: ஒரு நிகழ்வு ஆய்வு

தோல் மருத்துவர் ஒருவரின் சிகிச்சையகத்தில் முடி, உச்சந்தலைப் பராமரிப்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது அவர். எப்படித் தலைக்குக் குளிப்பது, எதைத் தடவுவது, எதை நிறுத்துவது, மாற்றத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்று உட்கார்ந்து பேசுவது நான். இங்கே பதிவு செய்வது ஒரு பெண்ணுக்குச் சுமார் பத்து மாதத்தில் நடந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதே பாதையில் அலைந்து களைத்துப்போய் எங்களிடம் வந்து சேர்கிறவர்கள் பலர். ஒருவருடைய அனுபவத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பின்னணி

வயது 31. நாள் முழுக்கக் கணினி முன் வேலை. இடுப்பைத் தொடும் முடி. சாயம் போட்டதில்லை, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்ததில்லை, நுனியைத் தவிர வேறெங்கும் கத்தரி பட்டதில்லை. அம்மா, அக்கா இருவருக்குமே அடர்த்தியான முடி. குடும்பத்தில் வகிடு அகன்றவர்கள் யாரும் இல்லை.

எங்களிடம் வருவதற்குப் பதினெட்டு வாரம் முன்பு அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள், 103 டிகிரி வரை. சாப்பாடு இறங்கவில்லை, எடை மூன்று கிலோ குறைந்தது. பிறகு காய்ச்சல் விட்டது, எடையும் திரும்பியது, வேலைக்குப் போனார், அதை மறந்தும் போனார்.

பத்தாவது வாரம் ஒரு நாள் தலைக்குக் குளிக்கும்போது விரலோடு கொத்தாக முடி வந்தது. அடுத்த குளியலில் இன்னும் அதிகம். தலையணையில், நாற்காலி முதுகில், தரையில் என்று எங்கு பார்த்தாலும் முடி. காய்ச்சலில் கிடந்தபோதே கொட்டியிருந்தால் காரணம் யாருக்கும் புரிந்திருக்கும். பத்து வாரம் கழித்துக் கொட்டியதால் காய்ச்சலின் நினைவே அவருக்கு வரவில்லை. அந்த மாதம் புதிதாக வாங்கிய ஷாம்புவைச் சந்தேகப்பட்டார். பிறகு குளிக்கிற தண்ணீரை. பிறகு வேலைப் பளுவை.

அதற்கடுத்த எட்டு வாரத்தில் அவர் செய்து பார்த்தவை இவை. ஷாம்புவை நிறுத்திவிட்டுச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அலசினார். பொடுகுதான் காரணம் என்று அக்கா சொன்னதால் எலுமிச்சைச் சாற்றை வேரில் தேய்த்து, வெயிலில் உட்கார்ந்து காய வைத்தார். வாரம் மூன்று இரவு எண்ணெயைச் சூடாக்கித் தலையில் ஊற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கினார். வெங்காயச் சாறு ஐந்து முறை. ஒவ்வொன்றையும் ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். தலைக்குக் குளித்தால்தானே இவ்வளவு கொட்டுகிறது என்று குளிப்பதையும் பத்து நாளைக்கு ஒரு முறையாகக் குறைத்துவிட்டார்.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானும் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் வருகிறது.

முதல் சந்திப்பு

ஒரு பெரிய தபால் உறையோடு வந்தார். உள்ளே நாலைந்து சிறிய காகித உறைகள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, அன்று கொட்டிய முடியைச் சுருட்டிப் போட்டிருந்தார். மேசைமேல் வைக்கும்போது கை நடுங்கியது. "மேடம், இது நேத்து ஒரு நாளோடது மட்டும்" என்று ஓர் உறையைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். அந்த உறையை நான் அலட்சியமாக வாங்கியிருந்தால், அதன் பிறகு சொன்ன எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

முடியைக் கொண்டுவருகிறவர்களைச் சில இடங்களில் கடிந்துகொள்வார்கள். நான் வரவேற்பேன், ஏனென்றால் அந்த முடியிலேயே பாதி விடை இருக்கும். கறுப்புத் தாள் ஒன்றை விரித்து, உறையிலிருந்து கைக்கு வந்தபடி நாற்பது முடியை எடுத்து வரிசையாகப் பரப்பினோம். லென்ஸ் வைத்து இரு முனைகளையும் அவரையே பார்க்கச் சொன்னேன். இருபத்தொன்பது முடிகளில் ஒரு முனையில் வெள்ளையாக, குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு குமிழ் இருந்தது. மீதிப் பதினொன்றில் குமிழ் இல்லை. இரண்டு முனையும் நாரைப் பிய்த்தது போல இருந்தன, நீளமும் ஒரு சாண்கூட இல்லை.

குமிழோடு வருவது ஓய்வுக் கட்டத்தை முடித்துக்கொண்டு தானாகக் கழன்ற முடி. குமிழ் இல்லாமல் குட்டையாக வருவது நடுவில் உடைந்த முடி. இரண்டும் சீப்பில் ஒன்றாகத்தான் மாட்டும், ஆனால் காரணம் வேறு வேறு. ஆக இவருக்கு ஒன்றல்ல, இரண்டு பிரச்சினை. உடைந்த பதினொன்று எங்கிருந்து வந்தன என்பதை ஊகிக்கச் சமையல் சோடாவின் கதையே போதும். தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவில் 5.5ஐ ஒட்டியது (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). முடித்தண்டு அதைவிடவும் அமிலப் பக்கம். சமையல் சோடாக் கரைசலோ 8க்கு மேல். காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. முடியோடு முடி உரசுகிறது, சிக்கு விழுகிறது, சீப்பு இழுக்கும் இடத்தில் அறுகிறது. அதற்கடுத்து பி.எச். 2ஐ ஒட்டிய எலுமிச்சைச் சாறு. அந்த முடி எதைத்தான் தாங்கும்!

உச்சந்தலையைப் பார்த்தோம். நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவப்பு, அதன்மேல் பிசுபிசுப்பான மஞ்சள் செதில். வறண்ட பொடுகு அல்ல, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அழற்சி. மலாசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருப்பது. அதற்கு உணவே கொழுப்புதான். இரவெல்லாம் எண்ணெய், அதன்மேல் துண்டு, பத்து நாள் அலசாத தலை, இவ்வளவும் சேர்ந்தால் அது பெருகாமல் என்ன செய்யும்?

நெற்றியில், முடியோரத்திலிருந்து இடது புருவம் நோக்கி ஒழுகினாற்போல இரண்டு பழுப்புக் கோடுகள் இருந்தன. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பவுடர் போட்டு மறைத்திருந்தார். எலுமிச்சைச் சாறு வழிந்த தடம் அது. எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போன்ற எதிர்வினை வரும். ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும், போன பிறகும் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

நல்ல செய்தியும் அதே தலையில் இருந்தது. வகிட்டின் இருபுறமும் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் குத்திட்டு நின்ற முடிகள். உடைந்தவையாக இருக்குமோ என்று அவர் பயந்தார். லென்ஸில் பார்த்தால் நுனி ஊசி போலக் கூர்மையாக இருந்தது. உடைந்த முடியின் நுனி மொட்டையாகவோ பிரிந்தோ இருக்கும். கூர் நுனி என்றால் புதிதாக முளைத்தது. அதைக் காட்டியபோதுதான் அவர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மருத்துவர் இழுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தார். ஐம்பது, அறுபது முடியை விரல்களுக்கிடையில் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுப்பது. பதினொன்று வந்தன. ஆனால் ஒன்பது நாள் குளிக்காத தலையில் ஏற்கெனவே கழன்ற முடியெல்லாம் அங்கேயே தங்கியிருக்கும், இந்த எண்ணை நம்ப முடியாது என்றார். சாதாரண ஷாம்பு போட்டுக் குளித்து, ஒரு முழு நாள் விட்டு வரச் சொன்னார். அப்போது ஆறு வந்தன. அதுவும் இயல்பைவிட அதிகம்தான், ஆனாலும் பதினொன்றுக்கும் ஆறுக்கும் இடையில் இருப்பது நோயின் அளவல்ல, குளிக்காத நாட்கள். வகிடு அகலவில்லை, முன்நெற்றி ஏறவில்லை, வட்டமான வழுக்கைத் திட்டு எங்கும் இல்லை.

மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "முடி கொட்ட ஆரம்பித்ததற்கு இரண்டு, மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது?" அவர் நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினார். காய்ச்சல் வந்த வாரம் வந்து நின்றது.

முடியின் கணக்கு இது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். எந்த நாளிலும் அவற்றில் 85 முதல் 90 சதவீதம் வளரும் கட்டத்தில் இருக்கும். ஒரு முடி இப்படி இரண்டிலிருந்து ஆறு ஆண்டுவரை வளரும். பிறகு ஓய்வுக்குப் போய், இரண்டு, மூன்று மாதம் வேர்க்காலிலேயே உட்கார்ந்திருந்து விழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இதனால்தான். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைவு போன்ற அதிர்ச்சிகளில் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குத் தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்ட அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்து அந்தக் கூட்டம் மொத்தமாகக் கழன்று விழும். இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். அதிர்ச்சி நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும்.

இரத்தப் பரிசோதனையில் வந்த குழப்பம்

காரணம் தெரிந்தாலும் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுவது வழக்கம், ஏனென்றால் இவை இரண்டும் இதே போன்ற உதிர்வைத் தனியாகவும் உண்டாக்கும், நீட்டியும் விடும். இரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு கூடினால் இது குறையும்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

அறிக்கை வந்த நாளில் எங்கள் சிகிச்சையகம் மூடியிருந்தது. பொறுக்க மாட்டாமல் வேறொரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். டி.எஸ்.எச். 0.08. ஃப்ரீ டி4 இயல்பின் மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. ஃபெரிட்டின் 8. ஹீமோகுளோபின் 11.4. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, அதனால்தான் முடி கொட்டுகிறது என்று சொல்லி, சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர்கள்மேல் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மருந்து வாங்குவதற்கு முன் எங்களிடம் கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மருத்துவர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 74. கையை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. முதல் நாள் கை நடுங்கியது பயத்தால் என்று அப்போது புரிந்தது. எடை குறையவில்லை, படபடப்பு இல்லை, வியர்வை அதிகமில்லை, தூக்கம் நன்றாக இருக்கிறது. இவ்வளவு தைராய்டு உடம்பில் ஓடினால் இப்படி அமைதியாக ஒருவர் உட்கார்ந்திருப்பது கடினம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "இவங்க உள்ளுக்கு என்னென்ன எடுக்கிறாங்கன்னு இன்னொரு தடவை கேளுங்க."

என் குறிப்பில் "மாத்திரைகள்: எதுவும் இல்லை" என்று இருந்தது. முதல் நாள் அவர் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். வாய் வழியாக எதை விழுங்கினாலும், அது மருந்து இல்லையென்றாலும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொன்னேன். அன்று மாலையே வந்தார். பையில் ஒரே ஒரு டப்பா. மெல்லும் வடிவில் பழச் சுவையுள்ள, "முடி, தோல், நகம்" என்று மேலே எழுதிய வைட்டமின். "மேடம், இது வெறும் வைட்டமின்தானே, மாத்திரைன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். பின்பக்கச் சிறிய எழுத்தில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். ஏழு வாரமாகத் தினமும் ஒன்று. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த காலையிலும் ஒன்று.

வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குப் போதுமானது என்று வைத்திருக்கும் பயோட்டின் அளவு 30 மைக்ரோகிராம். இந்த டப்பாவில் இருந்தது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். கூடுதலானது சிறுநீரில் போய்விடும், உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை என்பது உண்மையே. கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் இரத்தத்தில் ஹார்மோனை அளப்பதற்கு, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பைக் கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்திலேயே பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்தக் கொக்கிகளை அது முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். அளக்கும் முறையைப் பொறுத்து, டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், ஃப்ரீ டி4 உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், இல்லாத தைராய்டு நோய் தாளில் கச்சிதமாக வந்துவிடும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனை பயோட்டினால் தவறாகக் குறைவாகக் காட்டி ஓர் உயிர் போன செய்தியும் அந்த எச்சரிக்கையில் இருந்தது. இது ஏதோ ஆய்வக நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

ஃபெரிட்டினும் பல கருவிகளில் டி.எஸ்.எச். போலவே அளக்கப்படுவது, ஆகவே அந்த 8ஐயும் நம்ப வழியில்லை என்றார் மருத்துவர். ஹீமோகுளோபின் வேறு முறையில் அளக்கப்படுவதால் 11.4 என்பது மெய். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தைராய்டு மாத்திரையைத் தொடங்கக் கூடாது. பயோட்டினை நிறுத்தி மறுபரிசோதனை. தைராய்டு பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் பயோட்டின் எடுக்காமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை. இவர் எடுத்த அளவும் காலமும் அதிகம் என்பதால் மருத்துவர் ஒரு வாரம் வைத்தார். எட்டாம் நாள் முடிவு: டி.எஸ்.எச். 2.1, ஃப்ரீ டி4 இயல்பு, ஃபெரிட்டின் 17. தைராய்டு நோய் இல்லை. இரும்புக் குறைவு உண்மையிலேயே இருந்தது, ஆனால் முதல் தாள் சொன்ன அளவுக்கு இல்லை.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கப்பட்டது. தினமும் கொடுப்பதைவிட இப்படி இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைவு. தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. இரும்பு ஏன் குறைந்தது என்று கேட்டபோது, மாதவிடாய் ஒவ்வொரு முறையும் எட்டு நாள் அதிகப் போக்கோடு இருப்பதைச் சொன்னார். இத்தனை வருடமாக அதுதான் இயல்பு என்று இருந்திருக்கிறார். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்.

முடி வளர்வதற்கான மினாக்சிடில் மருந்தைத் தொடங்கலாமா என்று அவரே கேட்டார். மருத்துவர் வேண்டாம் என்றார். வகிடு அகலவில்லை, கூர் நுனியோடு புதுமுடி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அந்த மருந்தே ஆரம்பத்தில் சில வாரம் உதிர்வைக் கூட்டக்கூடியது. கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தவருக்கு அதை இப்போது கொடுப்பதில் பயன் இல்லை.

மீதி முடிவுகள் என் மேசையில் எடுத்தவை. சமையல் சோடா, எலுமிச்சை, வெங்காயம் மூன்றும் நிறுத்தம். வெங்காயச் சாறு பற்றி அவர் விடாமல் கேட்டார், நியாயமான கேள்வி. 2002ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் வெங்காயச் சாறு தடவியவர்களுக்கு முடி முளைத்தது உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் புழுவெட்டு வந்தவர்கள், அதாவது திட்டுத் திட்டாக முடி போனவர்கள். அந்த நோயில் தோலைச் சீண்டுவதே ஒரு சிகிச்சை முறை. இவருக்குப் புழுவெட்டு இல்லை. ஏற்கெனவே சிவந்திருக்கும் தலையைச் சீண்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு நோய்க்குக் கிடைத்த முடிவை எல்லா முடி உதிர்வுக்கும் பரப்பிவிட்டதுதான் அந்தச் சாற்றின் கதை என்று விளக்கினேன்.

எண்ணெயை நான் முழுதாக நிறுத்தவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருந்தேன், ஏனென்றால் எண்ணெயே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் தவறு செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் நுழைந்து, அலசும்போதும் சீவும்போதும் போகும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003ல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை. ஆக எண்ணெயின் வேலை முடித்தண்டில்தான். வேர்க்காலில் அதற்கு வேலை இல்லை, அழற்சி உள்ள தலையில் அது தீனி. காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு மட்டும், சூடாக்காமல், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவச் சொன்னேன். இரவு எண்ணெயும் துண்டும் வேண்டாம்.

தலைக் குளியல் வாரம் மூன்று முறை. இதற்குத்தான் அவர் அதிகம் தயங்கினார். கொட்ட வேண்டிய முடி எத்தனை என்பது மூன்று மாதம் முன்பே முடிவாகிவிட்டது, குளியல் அதைக் கூட்டுவதும் இல்லை குறைப்பதும் இல்லை, பத்து நாள் கொட்டியதை ஒரே நாளில் பார்க்கிறீர்கள் என்று கறுப்புத் தாளை மறுபடி விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு குளியலுக்கு மருத்துவர் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு எழுதினார், நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலச, நான்கு வாரத்துக்கு. கண்டிஷனர் நீளத்துக்கு மட்டும். ஈர முடியை இறுக்கிக் கொண்டை போடக் கூடாது. ஈரத்தில் முடி அதிகம் இழுபட்டு எளிதில் அறுகிறது. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுக்க வேண்டும்.

நெற்றிக் கறைக்கு சன்ஸ்கிரீன், காத்திருப்பு. வேறெதுவும் தடவக் கூடாது.

கடைசியாக, தினமும் உறையில் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னேன். பதிலுக்கு ஓர் அளவு வேண்டும், வெறுங்கையோடு அனுப்ப முடியாது. வாரம் ஒரு முறை, ஷாம்புக்கு முன், வெளிர் நிறத் துணியை விரித்து, தலையைக் கவிழ்த்து, உச்சியிலிருந்து முன்பக்கமாக 60 விநாடி சீவி, விழுந்ததை எண்ணி எழுத வேண்டும். மாதம் ஒரு முறை அதே சன்னல் பக்கத்தில் வகிட்டின் படம். பின்னலின் அடியில் நூல் சுற்றி அளவு. அன்று அது 7.4 சென்டிமீட்டர்.

பின்பு நடந்தது

முதல் 60 விநாடிக் கணக்கு 52. நான்கு வாரம் கழித்து 47. அரிப்பும் செதிலும் மூன்றாம் வாரமே போய்விட்டன, சிவப்பும் மங்கியது, ஆனால் அவர் கண்ணில் பட்டது 47 மட்டும்தான்.

ஐந்தாவது வாரம் ஓர் இரவு, யாரோ சொன்னதைக் கேட்டு மறுபடி வெங்காயச் சாறு தடவிவிட்டார். எரிச்சலில் நள்ளிரவில் தலையை அலச வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து வந்து, குனிந்த தலையோடு சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதமாக எதையும் செய்யாமல், முடி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இரு என்று நாம் கேட்பது சின்ன விஷயமல்ல. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடமாவது தொலைபேசியில் பேசினோம்.

எட்டாவது வாரம் 29. பன்னிரண்டாவது வாரம் 14. பதினாறாவது வாரம் 9. உடைந்த முடியைப் பொறுத்தவரை மாற்றம் இன்னும் முன்பே வந்தது. ஆறாவது வாரத்தில் கறுப்புத் தாளில் பரப்பிய நாற்பதில் மூன்றுதான் குமிழ் இல்லாதவை. நான்காம் மாதம் ஃபெரிட்டின் 41, ஹீமோகுளோபின் 12.6. மாதவிடாய்ப் போக்குக்குத் தனியாகச் சிகிச்சை நடக்கிறது. நெற்றிக் கோடுகள் ஐந்தாம் மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டன.

கடைசியாக அவரைப் பார்த்தது காய்ச்சல் வந்து ஏறத்தாழ பத்து மாதம் கழித்து. வகிட்டை ஒட்டி ஏழு சென்டிமீட்டர் நீளத்தில் புதுமுடி அடர்த்தியாக நின்றது, சீவினாலும் படியாமல். பின்னலின் நூல் அளவோ 6.9. முதல் நாளைவிடக் குறைவு. அவர் முகம் வாடியது. ஏழு சென்டிமீட்டர் முடி பின்னலுக்குள் வந்து சேராது, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிற கணக்கில் அதற்கு இன்னும் ஓர் ஆண்டாவது ஆகும், இடுப்புவரை வரப் பல ஆண்டுகள் ஆகும் என்று சொன்னேன். இதை மறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உதிர்வு நின்றுவிட்டது, பழைய நீளமும் கனமும் திரும்பவில்லை, அவை மெதுவாகத்தான் வரும்.

இதில் எது எதனால் சரியானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலால் வந்த உதிர்வு நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அடங்கியிருக்கும். உச்சந்தலை அழற்சியும் முடி உடைவும் தானே போயிருக்காது, ஏனென்றால் அவற்றை உண்டாக்கியது அவர் வீட்டில் செய்துகொண்ட கைவைத்தியமே. இரும்புக் குறைவு கவனிக்கப்படாமல் இருந்திருந்தால் உதிர்வு நீண்டிருக்க வாய்ப்பு உண்டு. தைராய்டு மாத்திரை தொடங்கியிருந்தால், சரியாக வேலை செய்யும் ஒரு சுரப்பியை மருந்தால் முடக்கியிருப்போம். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும்.

மாற்றிக்கொண்டவை

என் முதல் தவறு அந்தக் கேள்வி. "மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் மக்கள் மருந்தைத்தான் நினைக்கிறார்கள். மெல்லும் வைட்டமின், தண்ணீரில் கலக்கும் பொடி, சொட்டு மருந்து எதுவும் அவர்கள் மனதில் மாத்திரைக் கணக்கில் வராது. இப்போது முன்பதிவு செய்யும்போதே, விழுங்குவதையும் தடவுவதையும் எல்லாம் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லிவிடுகிறோம். பரிசோதனைச் சீட்டின் மேலேயே "பயோட்டின்: உண்டு / இல்லை / நிறுத்திய நாள்" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கிறோம்.

நுனி வெட்டுவதை முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டும். நீளத்தின்மேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். பிளந்த நுனி மேலேறிக்கொண்டே போனதால் நான்காம் மாதத்தில் வெட்டியபோது ஒரு சாண் போயிற்று. முதலிலேயே வெட்டியிருந்தால் நான்கு விரற்கடையோடு போயிருக்கும்.

எப்போது உடனே வர வேண்டும் என்பதையும் முதல் நாளில் நான் எழுதிக் கொடுக்கவில்லை. வட்டமான வழுக்கைத் திட்டு, வேர்க்கால் துளைகளே தெரியாமல் வழவழப்பாகும் தோல், சீழ், வலி, புருவ முடி உதிர்வு, வகிடு மாதாமாதம் அகலுவது, ஆறு மாதம் தாண்டியும் குறையாத உதிர்வு. இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. இவருக்கு அவை எதுவும் வரவில்லை, ஆனாலும் அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் ஐந்தாம் வாரத்து இரவில் அதை ஒரு முறை படித்துப் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.

இப்போது முதல் சந்திப்புக்கு வருகிறவர்களிடம், தலையைத் தொடுவதற்கு முன், கொட்ட ஆரம்பித்த தேதியைக் கேட்டு எழுதுகிறேன். பிறகு நாள்காட்டியை மூன்று மாதம் பின்னுக்குத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.